வேலிக்கு அப்பால் ஒரு வீடு

டென்மார்க்கின் வயல்வெளிகளுக்கு நடுவே மண்ணாலும் கல்லாலும் எழுப்பிய இடுப்பளவுக் கரைகள் இன்றும் நீண்டு கிடக்கின்றன. அருங்காட்சியகச் சட்டம் அவற்றைக் காக்கிறது. நிலத்தின் சொந்தக்காரரே ஆனாலும் அனுமதியில்லாமல் அவற்றைக் கலைக்க முடியாது. இன்று அவை வரலாற்றுச் சின்னங்கள். கட்டிய நாளில் அவற்றுக்கு இருந்த வேலை எளியது: பக்கத்துக் காணிக்காரனின் பன்றியும் பசுவும் நம் பயிருக்குள் நுழையாமல் தடுப்பது.

அயலாரோடும் அவர்கள் வளர்க்கும் பிராணிகளோடும் எப்படிக் காலந்தள்ளுவது என்ற கேள்வி இந்த நாட்டில் மிகப் பழையது. இரண்டாம் வால்டெமார் மன்னர் 1241இல் கொடுத்த யூட்லாந்துச் சட்டத்திலேயே வேலி அடைப்பதற்கும், மேயப் போன மாடு பிறர் பயிரை அழித்தால் ஈடு கொடுப்பதற்கும் விதிகள் இருந்தன. ஆனால் மன்னரின் சட்டம் எங்கோ தொலைவில் இருந்தது. அன்றாடச் சச்சரவைத் தீர்த்தது ஊர்தான்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை டேனிஷ் கிராமத்தில் ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இருக்கவில்லை. பெரிய பொதுவயல்களில், ஒல்லியான பட்டைகளாக, பல பத்து இடங்களில் சிதறிக் கிடந்தது. உன் பட்டைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் இன்னொருவர். எல்லோரும் ஒரே நாளில் உழ வேண்டும், ஒரே காலத்தில் அறுக்க வேண்டும், அறுப்பு முடிந்ததும் எல்லோருடைய மாடுகளும் ஒன்றாக அதே வயலில் மேயும். ஒருவருடைய வேலித்துண்டில் ஓட்டை விழுந்தால் ஊருக்கே சேதம். அப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒத்துவராத அயலான் ஒருவன் இருந்தால் அது அவனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மட்டுமான சிக்கலாக நிற்காது.

அதனால் ஒவ்வொரு கிராமத்திலும் விவசாயிகளின் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர் ஓல்தர்மன். அந்தப் பொறுப்பைப் பல ஊர்களில் ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்து வகித்தார்கள். அவர் கொம்பு ஊதினால், குளத்தங்கரை மரத்தடியில் வட்டமாகப் போட்டிருக்கும் கற்களுக்கு வந்து அவரவர் கல்லில் அமர வேண்டும். வராதவருக்கு அபராதம். தாமதமாக வந்தவருக்கும் அபராதம். ஊர் விதிகளை எழுதியும் வைத்தார்கள். அப்படி எழுதிய நூற்றுக்கணக்கான ஏடுகள் இன்று அச்சில் கிடைக்கின்றன. நான் அறிந்தவரை, அயலார் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் ஆவணங்கள் குறைவு.

அந்த ஏடுகளில் நிரம்பியிருப்பவை பிராணிகளே. பன்றிகள் மண்ணைக் கிளறாதிருக்க, குறித்த நாளுக்குள் அவற்றின் மூக்கில் வளையம் போட்டுவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு இத்தனை வாத்துகள்தான். வேலி உடைத்துப் பழகிய மாட்டுக்குக் கழுத்தில் கட்டை மாட்ட வேண்டும், இல்லையேல் வயலுக்கே விடக் கூடாது. நம் ஊர்களில் அடங்காத மாட்டின் கழுத்தில் கட்டை தொங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குற்றம் உறுதியானால் தண்டனை சில ஷில்லிங் காசு, அல்லது பீர். பெரிய குற்றத்துக்கு ஒரு பீப்பாய் பீர் வரை போகும். கொடுக்க மறுத்தால், ஊரார் வீட்டுக்கே போய் ஒரு பாத்திரத்தையோ கருவியையோ பிணையாக எடுத்து வருவார்கள்.

அபராதமாக வந்த பீரை ஊரே சேர்ந்து குடித்தது. என்னை நெடுநேரம் நிறுத்திய செய்தி அது. யாருடைய பன்றி யாருடைய பயிரைக் கிளறியதோ, அந்த இருவரும் ஒரே பீப்பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை ஒரே ஏரைப் பூட்ட வேண்டியவர்கள் அவர்கள். ஒருவரிடம் இரண்டு குதிரை, இன்னொருவரிடம் இரண்டு. கனத்த கலப்பையை இழுக்க நான்கும் வேண்டும். மனக்கசப்பை நெடுநாள் வைத்திருக்க அந்த வாழ்க்கை இடங்கொடுக்கவில்லை.

ஆனால் கல்லில் அமர்ந்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். முழுப் பண்ணை வைத்திருந்த ஆண்களே அந்த வட்டத்தில் பேசினார்கள். சிறு குடிசையும் ஒரு கைப்பிடித் தோட்டமும் வைத்திருந்த குடிசைக்காரர்களுக்கு அங்கே குரல் கிடையாது. அவர்களுடைய ஒற்றைப் பசு எங்கே மேயலாம், வாத்து எத்தனை வைக்கலாம் என்பதை மற்றவர்களே முடிவு செய்தார்கள். அபராதம் மட்டும் அவர்களுக்கும் உண்டு. மேய்ச்சலுக்குப் போன ஏழைப் பிள்ளைகளின் கதை இன்னொன்று. மாடு பயிரில் வாய் வைத்தால் அடி வாங்கியது அந்தச் சிறுவன்தான். மார்டின் ஆண்டர்சன் நெக்ஸோ 1906 முதல் 1910 வரை எழுதி வெளியிட்ட ‘பெல்லே’ நாவலின் தொடக்கத்தில் போர்ன்ஹோல்ம் தீவில் மாடு மேய்க்கும் சிறுவனை எழுதியது சும்மா அல்ல. அவரே அப்படி மேய்த்தவர்.

அவர்களுக்கும் கீழே ஒருவர் இருந்தார். செத்த குதிரையின் தோலை உரிப்பது, தொல்லை தரும் நாயையும் பூனையையும் கொல்வது, மலக்குழியை அள்ளுவது, புகைபோக்கியைத் துடைப்பது ஆகிய வேலைகளை ‘மானமுள்ள’ குடியானவர் எவரும் தொட மாட்டார். அதற்கென்று தனிக் குடும்பங்கள் இருந்தன. டேனிஷ் மொழியில் அவர்களை இரவுமனிதர் என்றார்கள். அவர் குடித்த குவளையில் மற்றவர் குடிக்க மாட்டார்கள். அவருடைய பிள்ளைகளும் அதே வேலைக்குத்தான் போனார்கள். ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிகர் 1829இல் யூட்லாந்தின் இந்த மக்களைப் பற்றி ஒரு கதை எழுதினார். தமிழில் வாசிப்பவருக்கு இந்தப் பத்தி புதிதாக இராது. மரத்தடி வட்டத்தின் இணக்கத்தைப் பாராட்டும்போது, நாயைக் கொல்ல யாரைக் கூப்பிட்டார்கள், பிறகு அவரை எங்கே நிற்க வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1781ஆம் ஆண்டின் அரசாணை இந்த உலகத்தைக் கலைத்தது. சிதறிக் கிடக்கும் தன் பட்டைகளை ஒன்றாகச் சேர்த்துத் தருமாறு ஒருவர் கேட்டால், ஊர் மறுக்க முடியாது என்றாகியது. அளவர்கள் சங்கிலியோடு வந்தார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கிராமங்களின் நிலம் பிரிந்தது. பலர் தம் வீட்டையே கழற்றி, ஊருக்கு வெளியே, தம் புதிய நிலத்தின் நடுவில் கொண்டுபோய்க் கட்டினார்கள். விளைச்சல் கூடியது, வேலையில் கெட்டிக்காரர் சோம்பலான அயலாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. பக்கத்து வீடோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு புகைபோக்கியாகிவிட்டது. எல்லை தெளிவாகிவிட்டதால் ஆளாளுக்குக் கரை எழுப்பினார்கள். மேலே சொன்ன கரைகளில் மிகப் பல அந்த ஆண்டுகளில் வந்தவையே.

ஊர்க்கூட்டம் தேய்ந்த இடத்தை நாட்டின் சட்டம் நிரப்பியது. 1872இல் வயல்களுக்கும் வழிகளுக்கும் அமைதி காக்கும் சட்டம் ஒன்று வந்தது. உன் பிராணியை உன் நிலத்துக்குள் வைத்துக்கொள்வது உன் கடமை. தவறி வந்ததைப் பிடித்தவர் அதை அடைத்து வைத்து, பணம் வாங்கிக்கொண்டு விடலாம். ஓராண்டு முன்னதாக, 1871இல், பிரிட்டிஷ் இந்தியாவில் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்திருந்தது. நம் ஊர்க் கொண்டித்தொழுக்களில் மாடு மீட்கக் காசோடு நின்ற குடியானவரும் டென்மார்க் விவசாயியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறார்கள்.

1769இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் 8 லட்சம், பெரும்பாலோர் கிராமத்தார். இன்று ஏறத்தாழ 60 லட்சம். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் நகரங்களிலும் சிறு நகரங்களிலும் இருக்கிறார்கள். இடையில் நடந்த மாற்றங்களில் அயலார் உறவை அதிகம் மாற்றியது, 1960க்கும் 1979க்கும் இடையில் எழுந்த சுமார் நாலரை லட்சம் தனிவீடுகள் என்பது என் எண்ணம். ஒரு மனை, ஒரு வீடு, சுற்றிலும் லிகுஸ்டர் என்னும் குத்துச்செடியால் ஓர் உயிர்வேலி. பன்றி இல்லை, வாத்து இல்லை, பொதுவயல் இல்லை. ஏர் பூட்ட ஒருவரையொருவர் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

பன்றியும் பசுவும் போன இடத்தில் நாயும் பூனையும் நின்றன. நாட்டில் இன்று ஐந்து லட்சத்துக்கும் அதிகமான நாய்கள் இருக்கின்றன. பழைய பண்ணையில் நாய் முற்றத்துச் சங்கிலியில் கிடந்தது. குரைப்பதுதான் அதன் உத்தியோகம். அந்நியர் வந்தால் குரைக்காத நாய்தான் கெட்ட நாய். இன்று அதே குரைப்புக்குப் புகார் எழுதுகிறார்கள். அதற்குக் காரணம் நாயிடம் இல்லை. 1960களிலிருந்து டேனிஷ் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். காலை எட்டு மணிக்கு மேல் தெருவே வெறிச்சோடுகிறது. ஆளில்லாத வீட்டில் எட்டு மணிநேரம் அடைந்து கிடக்கும் நாய் ஊளையிடுகிறது. அந்தத் தெருவில் பகலில் இருப்பவர் இரவு வேலைக்குப் போய்வந்து உறங்குகிறவர், அல்லது ஓய்வுபெற்ற முதியவர். நாய்க்குச் சொந்தக்காரர் அந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் நம்புவதும் இல்லை. பழைய ஊரில் பன்றி கிளறிய பள்ளத்தை இருவரும் போய்ப் பார்த்துவிடலாம். மாலைக்குள் மறைந்துபோகும் ஓசையை எப்படிக் காட்டுவது?

அதனால் குறிப்பேடு வந்தது. எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்கிறார்கள். அதோடு போலீசாரிடம் போனால், அயலாருக்குத் தொல்லை தரும் குரைப்பை நிறுத்த ஏற்பாடு செய்யுமாறு நாய்க்காரருக்கு அவர்கள் ஆணையிடலாம். வேலியின் உயரம் பற்றிய சண்டையா, அதற்கு ஒவ்வொரு நகராட்சியிலும் மூன்று பேர் கொண்ட வேலிப் பார்வைக் குழு இருக்கிறது. அவர்கள் தோட்டத்துக்கே வந்து, இரு தரப்பையும் வைத்துக்கொண்டு, அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். 1.80 மீட்டர் என்பது பல சண்டைகளின் எல்லைக்கோடு. தோற்றவரே பெரும்பாலும் செலவை ஏற்க வேண்டும், பீர் கிடையாது.

நாய்க்கு இன்றுள்ள விதிகளை அந்தப் பழைய ஏடுகளின் அருகே வைத்துப் பார்க்கலாம். அன்று பன்றியின் மூக்கில் இரும்பு வளையம். இன்று நாய்க்குட்டி எட்டு வாரம் ஆவதற்குள் அதன் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட சில்லு, நாட்டுப் பதிவேட்டில் சொந்தக்காரரின் பெயர். அன்று சேதத்துக்கு ஈடாக ஷில்லிங். இன்று நாய் வைத்திருப்பவர் எவரும் கட்டாயம் எடுக்க வேண்டிய காப்பீடு. நாய் கடித்தால் தன் மேல் தவறில்லை என்று சொந்தக்காரர் வாதாட முடியாது, ஈடு கொடுத்தே ஆக வேண்டும். கடற்கரையில் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை வாரில்லாமல் விடக் கூடாது. காட்டில் ஆண்டு முழுவதும் வார் வேண்டும்; அதற்கு மாற்றாக, நாய்கள் அவிழ்ந்து ஓடவென்றே காடுகளை நாடெங்கும் நூற்றுக்கும் மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். பிட்புல்லையும் தோசாவையும் 1991இல் தடை செய்தார்கள். 2010இல் தடைப் பட்டியல் 13 இனங்களானது. ஓர் இனம் முழுவதையும் குற்றவாளியாக்குவது சரியா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. எனக்கும் அதில் மனம் முழுதாக ஒப்பவில்லை. பழைய ஊர், வேலியை உடைத்த மாட்டின் கழுத்தில்தான் கட்டை மாட்டியது. அதே நிறத்து மாடுகளையெல்லாம் விரட்டவில்லை.

இந்த நாட்டுக்கு 1980களின் நடுவில் இலங்கைத் தமிழர் வந்து சேர்ந்தார்கள். 1983க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களை அகதிகள் உதவி அமைப்பு யூட்லாந்தின் சிறு நகரங்களில் குடியமர்த்தியது: ஹெர்னிங், கிரின்ட்ஸ்டட், ஹோல்ஸ்டப்ரோ, ஹோர்சன்ஸ். 1987இல் நீதி அமைச்சர் அவர்களுடைய குடும்பத்தார் வருவதைத் தடுத்து வைத்ததும், அந்த விவகாரம் வெளியே வந்து 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியதும் டென்மார்க் அரசியலில் மறையாத அத்தியாயம். அந்தப் பெரிய கதைக்குள் அடங்காத சிறிய கதைகள் மாடிக்குடியிருப்புகளின் படிக்கட்டுகளில் நடந்தன.

வந்தவர்களுக்கு அயல்சண்டை தெரியாததல்ல. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைக்கு ஈடாக ஒன்றைச் சொல்வது கடினம். பூவரசும் கிளுவையும் நட்ட கதியால் ஒவ்வோர் அடைப்பின்போதும் ஓரங்குலம் தள்ளி நிற்கும். அந்த ஓரங்குலத்துக்காகத் தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் நடத்துவான். கட்டாக்காலி மாடு தோட்டத்துக்குள் புகுந்தால் விடிய முன்னரே ஒழுங்கை முழுக்கச் சத்தம். ஆனால் அதே வேலியில் ஆள் நுழையும் இடைவெளியாக ஒரு பொட்டு இருக்கும். அந்த வழியாகக் கறிவேப்பிலையும் ஒரு சுண்டு அரிசியும் பிள்ளைகளும் போய்வருவார்கள். சண்டை பிடித்தவர்களும் செத்த வீட்டுக்கு முதலில் போய் நிற்பார்கள்.

டென்மார்க் மாடிவீட்டில் வேலியும் இல்லை, பொட்டும் இல்லை. சுவருக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார். அவர் சத்தம் போடுவதில்லை. ஒரு நாள் கதவடியில் கடிதம் கிடக்கும். பொரித்த மிளகாயின் நெடி, படிக்கட்டில் வரிசையாகக் கழற்றிய செருப்புகள், கொண்டாட்ட நாளில் பத்து மணிக்கு மேல் கேட்ட பாட்டு என எதுவாகவும் இருக்கலாம். நேரே வந்து பேசியிருந்தால் ஒரு கோப்பைத் தேநீரோடு முடிந்திருக்கக்கூடியது, முத்திரையிட்ட தாளில் வரும்போது வேறு எடையைப் பெற்றுவிடுகிறது. டேனிஷ்காரர் அதைக் கொடுமையாக நினைத்துச் செய்யவில்லை. மற்றவர் வீட்டு வாசலில் போய் நிற்பது அத்துமீறல், எழுதிப் போடுவது மரியாதை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். முகத்தைப் பார்க்காமல் எழுதுவது அவமதிப்பு என்று வளர்ந்தவர்கள் நாம். இரு பக்கத்து நல்லெண்ணமும் இப்படி ஒன்றையொன்று காணாமல் போன இடங்கள் பல இருந்திருக்கும்.

நாய் இன்னும் பெரிய தடை. ஊரில் நாய் முற்றத்தில் கிடக்கும், மிச்சச் சோற்றைத் தின்னும், வீட்டுக்குள் வராது. இங்கே அது சோபாவில் உறங்குகிறது, மின்தூக்கியில் பக்கத்தில் நிற்கிறது. சேலை முனையை இழுத்துப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்ற அம்மாமார் பலர். அது ஒன்றும் செய்யாது என்ற நாய்க்காரரின் சொல்லை அவர்களுடைய உடம்பு நம்பவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே நாய்க் காடுகளில், ஒரு கையில் வாரும் மறு கையில் பையுமாக நடக்கிறார்கள். நாய் கழித்ததை அள்ளிப் பையில் போட்டு முடிச்சிடும் பேரனை அப்பம்மா பார்க்கும் பார்வையில், நூற்றாண்டு நம்பிக்கை ஒன்று தடுமாறுவதைக் காணலாம். எது தீட்டு, எது அயலாருக்குச் செய்யும் மரியாதை என்ற இரண்டும் அந்தச் சிறு பையில் இடம் மாறிவிட்டன.

பழைய ஊர் போனதில் இழப்பு உண்டு என்றே நினைக்கிறேன். சண்டையும் சமாதானமும் ஒரே இடத்தில் நடக்கும் இடம் இப்போது இல்லை. குறிப்பேடு எழுதுகிறவர் எழுத எழுதக் கோபத்தை வளர்க்கிறார். மூன்று மாதம் கழித்து வழக்கில் வென்றாலும், அன்று காலை படிக்கட்டில் எதிர்ப்படும் மனிதருக்கு வணக்கம் சொல்ல வாய் வருவதில்லை. சில குடியிருப்புகளில் அயலாரிடையே நடுவராக நின்று பேச வைக்கும் பயிற்சி பெற்றவர்களை அமர்த்தத் தொடங்கியிருப்பது, இழந்ததன் ஒரு பங்கையாவது மீட்கும் முயற்சி. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கிறது என்பதே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று காட்டுகிறது.

ஆனால் அகதியாக வந்த ஒருவரை அந்தப் பழைய மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கிறேன். கல் இல்லை, நிலம் இல்லை, மொழி இல்லை. அவருடைய முறையீட்டை யார் கேட்டிருப்பார்கள்? இன்று லாபநோக்கற்ற பொது வாடகைக் குடியிருப்பில் அவருக்குத் தொல்லை என்றால், ஊரின் தயவைத் தேடாமல் குடியிருப்போர் முறையீட்டுக் குழு வரை அந்த முறையீடு போக வழி இருக்கிறது. தேதி போட்ட தாள், எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை.

அந்தக் குடியிருப்புகளில் ஆண்டுக்கூட்டம் ஒன்று நடக்கும். துணி துவைக்கும் அறை எத்தனை மணி வரை, முற்றத்தில் பந்து விளையாடலாமா, நாய் பூனை வளர்க்கலாமா என்பதையெல்லாம் குடியிருப்போரே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நீண்ட காலம் இருப்பவர், நேற்று வந்தவர், வேலையில் இருப்பவர், உதவித்தொகையில் வாழ்பவர் என்ற வேறுபாடில்லாமல் ஒரு வீட்டுக்கு இரண்டு வாக்கு. நாய்கள் வேண்டாம் என்று கூட்டம் முடிவெடுத்தாலும், ஏற்கெனவே வளர்க்கும் நாயை அது சாகும்வரை வைத்திருக்க விதி இடம் தருகிறது. அந்தக் கூட்டங்களுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நாய்க்கு அஞ்சும் தாய் ஒரு வாக்கையும், நாய் கேட்டு நச்சரிக்கும் மகள் மறு வாக்கையும் போடும் வீடுகளும் அவற்றில் இருக்கலாம்.